டைரீ தீவில் ஒரு வசந்தம்: சில வாரம் தங்கப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைத் தாண்டி அட்லாண்டிக் கடலின் வாசலில் கிடக்கிறது டைரீ. நீளம் இருபது கிலோமீட்டருக்குள், ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் 653. சப்பாத்திபோல் தட்டையான தீவு. அதிலேயே உயரமான பென் ஹைனிஷ் குன்றுகூட 141 மீட்டர்தான். கேலிக் மொழியில் "அலைக்குக் கீழே உள்ள நிலம்" என்று ஒரு பழம்பெயர் உண்டு. கப்பலில் வரும்போது முதலில் நிலம் தெரியாது, வீடுகள் மட்டும் தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்கும், அப்போது பெயரின் அர்த்தம் புரியும்.

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். இரண்டு வருடம் மார்ச் கடைசியில் போய் மே பாதியில் திரும்பினேன். ஒரு க்ராஃப்ட் வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு மடிக்கணினியில் வேலை. க்ராஃப்ட் என்றால் தலைமுறை தலைமுறையாகக் குத்தகையில் வரும் சிறு விவசாய நிலம், அதில் ஆடும் மாடும். இரண்டு நாள் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. தங்கி, சமைத்து, துணி துவைத்து வாழப் போகிறவர்கள் படிக்கலாம்.

ஆரம்பிக்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. டைரீயில் வெப்பநிலை என்ற எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம் என்று பாருங்கள். ஒன்பது டிகிரியில் காற்று இல்லாத காலையில் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். பன்னிரண்டு டிகிரியில், வெயில் பளிச்சென்று அடிக்கும்போது, வாடைக்காற்றில் காது வலித்துப் பாதி வழியில் திரும்பியும் வந்திருக்கிறேன்.

1. எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

மார்ச், ஏப்ரல், மே மூன்றையும் வசந்தம் என்ற ஒரே பெயரில் அடக்குவது நாட்காட்டிக்காரர்களின் வசதி. பழைய கேலிக் கணக்கில் குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம்வரை காற்றுக்குக் காற்று தனிப்பெயர்: விசில் அடிப்பது ஒன்று, கூர்மூக்கால் கொத்துவது ஒன்று, துடைப்பம்போல் பெருக்குவது ஒன்று. ஊருக்கு ஊர் வரிசை மாறும். கடைசியில் வருவது காலியாக், அதாவது கிழவி. புல் முளைக்கக் கூடாது என்று சுத்தியலால் தரையை அடித்துக்கொண்டே திரிவாளாம். ஒரு நாள் இனி முடியாது என்று சுத்தியலைப் புதருக்கடியில் வீசிவிட்டுப் போவாளாம். ஏப்ரல் நடுவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஆலங்கட்டி வந்து ஜன்னலைத் தட்டினால், கிழவி இன்னும் சுத்தியலை விடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கு இது. மார்ச் கடைசியில் போனால் புயல், வெளிச்சம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். அந்த நாட்களில் பகல் தினம் நான்கு நிமிடத்துக்கு மேல் நீளும், வாரத்துக்கு அரை மணி நேரம். மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தையும் ஒரு மணி முன்னால் நகர்த்துவதால் மாலைப்பொழுது சட்டென்று பெரிதாகிவிடும். ஏப்ரல், ஆட்டுக்குட்டி மாதம். மே, வெயில் மாதம். வெயில் என்று சும்மா சொல்லவில்லை: ஸ்காட்லாந்தில் ஒரே மாதத்தில் பதிவான அதிகபட்ச வெயில் நேரமான 329 மணி நேரம் டைரீக்குத்தான் சொந்தம், 1946 மே மாதத்திலும் 1975 மே மாதத்திலும். காரணம் அந்தத் தட்டைத்தன்மையே. மேற்கிலிருந்து வரும் மேகம் இங்கே மோத மலை இல்லாததால் அப்படியே கடந்துபோகிறது, கிழக்கே மல் தீவின் 966 மீட்டர் பென் மோர் மலையில் ஏறி அங்கே கொட்டுகிறது. டைரீ கடற்கரையில் நின்று மல்மேல் மழை பெய்வதைக் காய்ந்த சட்டையோடு பார்ப்பது இங்கே ஒரு பொழுதுபோக்கு.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி மே நடுவரை போங்கள். கடல் மட்டும் அப்போதும் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், குளிக்கும் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள்.

2. போய்ச் சேருவது

இரண்டு வழி. ஓபன் துறைமுகத்திலிருந்து கார் ஏற்றும் கப்பல், கோல் தீவில் நின்று போனால் சுமார் நான்கு மணி நேரம். இல்லையென்றால் கிளாஸ்கோவிலிருந்து ட்வின் ஆட்டர் குட்டி விமானம், ஒரு மணி நேரத்துக்குள். சில வாரம் தங்குவதென்றால் கப்பல்தான் சரி, அரிசி மூட்டையோடு காரில் போகலாம். காருக்கான இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஈஸ்டர் விடுமுறை வாரங்களில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புயல் வந்தால் கப்பல் ரத்தாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டைரீயின் கப்பல்துறை இருக்கும் கோட் விரிகுடா தென்கிழக்குப் பக்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, அடிக்கும் நாட்களில் தீவே குறுக்கே நின்று துறையை ஓரளவு மறைக்கும். கிழக்கு, தென்கிழக்குக் காற்றுக்கு அப்படி மறைப்பே கிடையாது, அலை நேராக உள்ளே வரும். ஏப்ரல், மே மாதங்களில் கிழக்குக் காற்று அடிக்கும் நாட்கள்தான் பெரும்பாலும் வெயில் நாட்கள். ஆக, வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், கப்பல் வருமா என்ற கேள்வியும் இருக்கும். நம் ஊர் மீனவர்கள் கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்தது சும்மா இல்லை; கரையை அடைவது திசையைப் பொறுத்த விஷயம்.

எனவே திரும்பும் நாளுக்கும் அடுத்த முக்கிய வேலைக்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். திங்கள் காலை அலுவலகம் என்றால் ஞாயிறு கப்பலை நம்ப வேண்டாம்.

3. பெட்டியில் என்ன

குடை வேண்டாம். உண்மையாகவே வேண்டாம், ஒரு நாள்கூட நிற்காது. காற்றைத் தடுக்கும் மேலங்கி, அதே மாதிரிக் கால்சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதை மூடும் குல்லாய். மொத்தமான ஒரு கோட்டுக்குப் பதில் மெல்லியதாக மூன்று அடுக்கு இருந்தால் கழற்றிக் கழற்றிப் போடலாம். வெயிலுக்கு முகத்தில் பூசும் க்ரீமும் வேண்டும். குளிர்காற்று அடிப்பதால் சூடு உறைக்காது, மாலையில் கண்ணாடியில் பார்த்தால் மூக்கு உரிந்திருக்கும். அப்புறம் டார்ச், ஃபிளாஸ்க், கொஞ்சம் சில்லறை நாணயங்கள் (எதற்கு என்று பிறகு).

4. முதல் நாளே பழக வேண்டியவை: கதவுகள்

இது என் சொந்தச் செலவில் கற்றது. இரண்டாம் நாள் மாலை, பாலிஃபூல் கடற்கரை ஓரம், காற்றுக்கு முதுகு காட்டி காரை நிறுத்திவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தேன். திறந்தேன் என்பதுகூடத் தவறு, கைப்பிடியை விடுவித்தேன், மீதியைக் காற்று செய்தது. கதவு முன்பக்கமாக மடங்கி, உலோகம் முறுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு மூடவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வீடு வந்தேன். பக்கத்து க்ராஃப்டர் பெரியவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கொட்டகையிலிருந்து ஒரு கனத்த சுத்தியலும் மரக்கட்டையும் எடுத்துவந்து கீலை நாலு தட்டுத் தட்டி மூடும்படி செய்துவிட்டு, "மூக்கு காற்றுப் பக்கம்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அதுதான் விதி. காரின் மூக்கு காற்றைப் பார்க்க நிறுத்த வேண்டும், அப்போது காற்று கதவை மூடப் பார்க்கும், பிடுங்காது. இறங்கும் முன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான், எதிரெதிர்க் கதவுகளை ஒன்றாகத் திறந்தால் உள்ளே இருக்கும் காகிதமெல்லாம் பக்கத்துத் தீவுக்குப் போய்விடும்.

வீட்டுக்கும் இதேதான். முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு இருந்தால் அன்றைய காற்றுக்கு மறைவான வாசலைத்தான் அன்று பயன்படுத்த வேண்டும். பழைய டைரீ வீடுகளைப் பாருங்கள்: இரண்டு கற்சுவர், நடுவில் மணல் நிரப்பி, மூலைகளை வளைவாகக் கட்டியிருப்பார்கள், வைக்கோல் கூரை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. நீட்டினால் காற்று விரல் விட்டுத் தூக்கிவிடும் அல்லவா. தீவில் மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. எரிக்கும் கரிமண்ணும் எப்போதோ தீர்ந்துபோய், ஒரு காலத்தில் படகில் மல் தீவுக்குப் போய் வெட்டி வந்திருக்கிறார்கள். இப்போது மின்சாரம் கடலடிக் கம்பி வழியாக வருகிறது. அது போகும் நாளும் வரும் என்பதால்தான் டார்ச்சும் ஃபிளாஸ்க்கும் எடுத்துவரச் சொன்னேன்.

அதே காற்றிலிருந்து வருமானமும் பார்க்கிறார்கள். 2010இலிருந்து 900 கிலோவாட் காற்றாலை ஒன்று ஊர்ப் பொதுச்சொத்தாக ஓடுகிறது. டில்லி என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல.

5. வானிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கைப்பேசியில் வரும் சூரியன், மேகப் படங்களை நம்பி நடக்கக் கிளம்பாதீர்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறை கடலோடிகளுக்காக வெளியிடும் அறிக்கை ஒன்று உண்டு, வானொலியிலும் வாசிப்பார்கள். கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாசிப்பார்கள். டைரீ இருப்பது "மாலின்" பகுதியில், வடக்கே போனால் "ஹெப்ரிடீஸ்". கரையோர நிலையங்களின் பட்டியலில் டைரீயின் பெயரே தனியாக வரும்.

அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. "இமினென்ட்" என்றால் ஆறு மணி நேரத்துக்குள். "சூன்" என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள். "லேட்டர்" என்றால் அதற்கும் மேல், ஒரு நாளுக்குள். "கேல் எட்டு" என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர்வரை காற்று. அன்று கடற்கரை நடை வேண்டாம், மணல் முகத்தில் ஊசியாய்க் குத்தும். காற்றுத் திசை கடிகார முள்ளின் போக்கில் மாறினால் "வீரிங்", எதிர்ப்போக்கில் மாறினால் "பேக்கிங்". இந்த இரண்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேற்கே இருந்த காற்று தெற்கு, தென்கிழக்கு என்று பின்வாங்கி, காற்றழுத்தமும் இறங்கினால் இரவுக்குள் மழை. பிறகு காற்று மேற்கு, வடமேற்குக்குத் திரும்பினால் அடைமழை போய் விட்டு விட்டுத் தூறல், நடுவே கண்ணைக் கூசும் வெயில், வானவில். அந்த இடைவெளியில்தான் நடக்கப் போக வேண்டும்.

இந்தத் தீவுக்கும் வானிலைக் கணிப்புக்கும் பழைய உறவு. இரண்டாம் உலகப் போரில் 518ஆம் விமானப்படைப் பிரிவு இங்கிருந்து ஹாலிஃபேக்ஸ் விமானங்களில் அட்லாண்டிக்குக்குள் வெகுதூரம் பறந்து காற்றழுத்தமும் வெப்பமும் அளந்து வந்தது. குண்டு போடப் போகவில்லை, மழை எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். இன்றைய குட்டி விமானம் இறங்குவது அதே தளத்தில்தான்.

துணி துவைப்பதையும் இதிலேயே சேர்க்கிறேன், ஏனென்றால் என் முதல் பாடமே கொடியில்தான். ஒரு துணிக்கு இரண்டு கிளிப் போதாது, நான்கு வேண்டும், படுக்கை விரிப்புக்கு ஆறு. பலத்த மேல்காற்று நாளில் காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் கையில் எடுத்தால் அப்பளம்போல் விறைப்பாக இருக்கும், நாக்கில் வைத்தால் உப்பு. புயலுக்கு மறுநாள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பால் பூசியதுபோல் வெளுத்திருக்கும், அதுவும் உப்புதான். முதலில் துணியால் துடைக்காதீர்கள், நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். காரையும் கழுவுங்கள், இல்லாவிட்டால் துரு. துவைக்கச் சிறந்த நாள் மிதமான கிழக்குக் காற்று நாள். அன்று ஊர் முழுக்கக் கொடிகள் நிறைந்திருக்கும், அதைப் பார்த்தே காற்றுத் திசை சொல்லிவிடலாம்.

6. சாப்பாடு

ஸ்காரினிஷ் கிராமத்தில் பலசரக்கு, காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும் கடை இருக்கிறது, ஆனால் சரக்கு வருவது கப்பலில். இரண்டு கப்பல் வராமல் போனால் முதலில் தீர்வது ரொட்டி, பால், பச்சைக் காய்கறி. எப்போதும் நான்கு நாளைக்குத் தாங்கும்படி வைத்திருங்கள். பருப்பு, அரிசி, மிளகாய்த்தூள், புளி எல்லாம் கிளாஸ்கோவிலேயே வாங்கி வந்துவிட வேண்டும். கறிவேப்பிலையை உருவி டப்பாவில் போட்டு உறையவைத்துக் கொண்டுபோனேன், ஒன்றரை மாதம் வந்தது.

தீவில் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள். நண்டு, சிங்கறால், இங்கேயே மேய்ந்த மாட்டு, ஆட்டு இறைச்சி. வசந்தத்தில் பகல் நீள நீளக் கோழிகள் முட்டையிட ஆரம்பித்துவிடும். சாலையோரம் ஒரு மரப்பெட்டி, உள்ளே முட்டை அட்டை, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆள் கிடையாது. சில்லறை நாணயம் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். நண்டு வாங்கி மிளகு ரசம் வைத்த அன்று கதவைத் தட்டி "என்ன வாசனை இது" என்று கேட்டவர் அதே சுத்தியல் பெரியவர். இரண்டு கிண்ணம் குடித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

7. ஆட்டுக்குட்டிக் காலம்

ஏப்ரலில் தீவே பிரசவ வார்டு. க்ராஃப்டர்கள் இரவில் இரண்டு முறை எழுந்து டார்ச்சோடு வயலைச் சுற்றுவார்கள், பகலில் கண் சிவந்து நடமாடுவார்கள். அவர்களிடம் அப்போது நீண்ட கதை பேசாதீர்கள். மழையோடு வடக்குக் காற்றும் சேர்ந்தால் புதிதாய்ப் பிறந்த குட்டி நனைந்து விறைத்துவிடும், வெறும் குளிரைவிட அதுதான் எமன். கல்சுவரின் மறைவில் ஆடுகள் வரிசையாய் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் எந்தப் பக்கக் காற்று என்று தெரிந்துவிடும்.

தனியாக நிற்கும் குட்டியைப் பார்த்து ஐயோ பாவம் என்று தூக்காதீர்கள். தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். உங்களுக்குப் பயந்து நகர்ந்திருக்கும். தலை தொங்கி, அசையாமல் கிடந்தால் மட்டும் அருகிலுள்ள வீட்டில் சொல்லுங்கள். நாய் கொண்டுபோயிருந்தால் கயிற்றிலேயே இருக்கட்டும். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுப் போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காமல் கைவைக்கலாம். சினை முற்றிய ஆடு, நனைந்த கம்பளியின் கனத்தோடு, சின்னப் பள்ளத்தில் உருண்டு மல்லாந்துவிடும். நான்கு காலும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும், தூரத்திலிருந்து கவிழ்த்துப்போட்ட ஸ்டூல்போல் தெரியும். தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்து நுரையீரலை நெருக்கி, சில மணி நேரத்தில் செத்தே போகலாம். காக்கைகள் அதற்கு முன்பே கண்ணைக் கொத்த வந்துவிடும். செய்ய வேண்டியது: முதுகுப் பக்கமாய் மெதுவாகப் போங்கள், தோள் அருகிலும் இடுப்பு அருகிலும் கம்பளியைக் கொத்தாகப் பிடியுங்கள், உங்கள் பக்கமாக ஒரே இழுப்பில் புரட்டுங்கள். நினைப்பதைவிட இரண்டு மடங்கு கனக்கும். எழுந்ததும் விட்டுவிடக் கூடாது, தலை சுற்றி மறுபடி விழும். உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் அணைத்து, கால் ஊன்றி நிற்கும்வரை ஒரு நிமிடம் பிடித்திருங்கள். நான் பிடித்த ஆடு முதலில் நடுங்கியது, பிறகு சத்தமாக ஒரு ஏப்பம் விட்டது, பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கையில் கம்பளி எண்ணெயின் பிசுபிசுப்பு இரண்டு நாள் இருந்தது. வழியில் அதன் சொந்தக்காரரைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் மறுபடியும் விழும்.

8. சாலை, மனிதர்கள், மணல்வெளி

சாலை ஒரு வண்டி அகலம்தான், நடுநடுவே ஒதுங்கும் இடம். இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று எதிர்வண்டி சுற்றிப்போக இடம் கொடுங்கள். பின்னால் உள்ளூர் வண்டி வந்தாலும் ஒதுங்கி விடுங்கள், அவர் கப்பலுக்குப் போகலாம். எதிரே வரும் எல்லோருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்க வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்று பேதம் இல்லை. மூன்றாம் நாள் என் விரல் தானாகவே தூக்க ஆரம்பித்தது, கிளாஸ்கோ திரும்பியும் ஒரு வாரம் நிற்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் ஊரில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் கேலிக் பேசுபவர்கள். காலை வணக்கத்துக்கு "மதின் வா" என்றால் போதும், முகம் மலரும். மருத்துவ நிலையம் உண்டு, பெரிய சிகிச்சை என்றால் தீவை விட்டுத்தான் போக வேண்டும். தினம் சாப்பிடும் மாத்திரையை இரண்டு வாரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரமாய்க் கிடக்கும் புல்வெளிக்கு மக்கர் என்று பெயர். கிளிஞ்சல் பொடிந்த மணல்மேல் வளர்ந்த புல், ஜூன் வந்தால் பூவாய் மாறிவிடும். வெறும் மேய்ச்சல் தரை என்று நினைத்து அதன்மேல் வண்டி ஏற்றாதீர்கள், மேல்தோல் கிழிந்தால் காற்று மணலைத் தோண்டிக்கொண்டே போகும். ஏப்ரல் முதலே ஆள்காட்டிக் குருவியின் உறவுக்காரப் பறவைகள் அங்கே தரையிலேயே முட்டை இடும். கல்லா முட்டையா என்று தெரியாது. ஒரு பறவை தலைக்குமேல் சுற்றிக் கத்தினால் நீங்கள் நிற்பது அதன் வீட்டுக்குள், வந்த வழியே திரும்புங்கள். மே மாதம் ஆலா என்ற கடற்பறவைகள் வந்துவிட்டால் கத்துவதோடு நிறுத்தாது, உச்சந்தலையில் கொத்தும். ஒரு குச்சியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடங்கள். உயரமானதைத்தான் அது கொத்தும். பார்க்கக் கேலியாக இருக்கும், பரவாயில்லை.

9. இரவு

மே நடுவில் சூரியன் ஒன்பதரைக்கு மேல்தான் மறையும், காலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறுபடி வந்து நிற்கும். தடித்த திரைச்சீலை இல்லாத வீடு என்றால் கண்ணுக்கு ஒரு பட்டை எடுத்துப் போங்கள். மார்ச்சில் போனால் நேர் எதிர். அசல் இருட்டு, பால்வீதி கூரைமேல் படுத்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் வடக்கே துருவ ஒளியின் பச்சை.

காதுக்கும் ஒன்று வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்து கார்ன்க்ரேக் என்ற பறவை வந்துசேரும். காடையை விடக் கொஞ்சம் பெரிது. பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் இல்லாமலே போய்விட்டது. வசந்தத்தில் ஒளிந்துகொள்ள உயரமான செடி வேண்டும், கோடையில் புல் அறுப்பதும் தாமதமாக நடக்க வேண்டும். டைரீயில் இரண்டும் கிடைக்கிறது: மஞ்சள் ஐரிஸ் புதர்களும், குஞ்சுகள் ஓடித் தப்பும்படி வயலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுக்கும் விவசாயிகளும். இதைப் பார்க்கவே எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள், பலர் பார்க்காமலே போகிறார்கள், அவ்வளவு நன்றாக ஒளியும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கப் பார்க்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட பறவை, தொந்தரவு செய்வது குற்றம்.

பார்க்கத்தான் கஷ்டம், கேட்பது சுலபம். சீப்பின் பல்லில் நகத்தால் இரண்டு தடவை இழுத்தால் வரும் சத்தம், க்ரெக்ஸ் க்ரெக்ஸ், அதைக் கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும்படி பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்து விடியும்வரை. முதல் இரவு ஆசையாக ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். மூன்றாம் இரவு ஜன்னலை மூடினேன். ஐந்தாம் இரவு, காற்று சுத்தமாக அடங்கிய ஒரு மே இரவு, அது என் ஜன்னலுக்குக் கீழே இருந்த ஐரிஸ் புதருக்கே குடிவந்துவிட்டது. காலையில் பெரியவரிடம் முறையிட்டேன். "மேல்காற்று வந்தால் கேட்காது, வியாழக்கிழமைவரை பொறு" என்றார்.